சாப்பாட்டுக்கு 85, பரிமாறலுக்கு 35

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிறு குடும்பத்தோடு சாப்பிடப் போன படத்தைப் போட்டதும் ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். "தாய் உணவகம்னா அம்மா சமையலா டீச்சர்?" என்று கேட்ட 1998 பேட்ச் மாணவனுக்கு: உன் குறும்பு இன்னும் போகவில்லை. அது தாய்லாந்து நாட்டு உணவகம், சென்னையில் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்ட மற்ற எல்லாருக்கும்: பழக்கதோஷம், எனக்கு மதிப்பெண் போட்டுத்தான் சொல்ல வரும். சாப்பாட்டுக்கு 85. பரிமாறலுக்கு 35. அதாவது, மயிரிழையில் தேர்ச்சி. அந்த 35-ஐயும் ஒரே ஒரு பெண் தனியாளாக வாங்கிக் கொடுத்தாள்.

"சாப்பாடு நல்லா இருந்தா சர்வீஸ் முன்னப்பின்ன இருந்தா என்ன டீச்சர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தப் பதிவே அவருக்காகத்தான். நம் ஊர் ஓட்டலில் அவர் சொல்வது சரி. இட்லியில் என்ன போட்டிருக்கிறது என்று சர்வரிடம் கேட்க வேண்டியதில்லை. சாம்பார் தாமதமானால் சட்னியைத் தொட்டுக்கொண்டு நாலு இட்லியை உள்ளே தள்ளிவிடுவோம். பழகாத சாப்பாட்டின் முன்னால் உட்காரும்போது கதை வேறு. எதை மெல்லலாம், எதை ஒதுக்கலாம், எதோடு எதைச் சேர்க்கலாம் என்று நமக்குத் தெரியாது. சமைத்தவர் உள்ளே இருக்கிறார். அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பவர் பரிமாறுபவர் ஒருவர்தான். அவருக்கும் தெரியாது என்றால் எவ்வளவு நல்ல சமையலும் பாதிதான் நம்மிடம் வந்து சேரும். சில சமயம் ஆபத்தும் கூடவே வரும்.

மகனுக்கும் மருமகளுக்கும் அன்று திருமண நாள். நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பேரன், மருமகளின் அம்மா என்று ஆறு பேர் போயிருந்தோம். சம்பந்தியம்மா சுத்த சைவம். பேரனுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. மூன்று வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்று முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடலை மிட்டாய், கடலைச் சட்னி எதுவும் கிடையாது. இந்த இரண்டு விஷயங்களையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சாப்பாடு. குறை சொல்ல வாயே வராது. தொம் யாம் என்று ஒரு சூப். "தொம்" என்றால் கொதிக்க வைப்பது, "யாம்" என்றால் புளிப்பும் காரமுமாகக் கலப்பது. இறால் போட்ட தொம் யாமை 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு வாய் குடித்ததும் எனக்கு நம் ரசத்தின் ஒன்றுவிட்ட தங்கையைப் பார்த்த மாதிரி இருந்தது. புளிக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, மிளகுக்குப் பதில் மிளகாய், வாசனைக்கு எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும். ஆமாம், இருமலுக்குக் கஷாயம் வைப்போமே, அதே பேரரத்தைதான். பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பச்சைக் குழம்பில் மிதந்த இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். இன்னொரு தட்டில் துளசி போட்டு வதக்கிய கோழி. சம்பந்தியம்மா திடுக்கிட்டுப் போய், "துளசியைக் கோழியோடயா போடுவாங்க?" என்றார். "பெருமாள் கோவிச்சுக்க மாட்டார் சம்பந்தி, இது வேற நாட்டுத் துளசி" என்று எங்கள் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். உண்மையில் அதுவும் இதுவும் ஒரே செடிதான். நான் வாயைத் திறக்கவில்லை.

இனி பரிமாறல்.

உள்ளே நுழைந்ததும் ராஜ மரியாதை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இரண்டு மடக்கு குடித்தால் உடனே ஓடி வந்து தண்ணீர் நிரப்பினார்கள். எங்கள் மேஜைக்கு மட்டும் மாறி மாறி மூன்று பேர். சிரித்த முகம், கைகட்டிய பணிவு. இதையெல்லாம் நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் சூப் வந்தது. அது முடிந்து கால் மணி கழித்துக் குழம்பு வந்தது. சோறு? சோற்றைக் காணோம். கேட்டால் "வருது மேம்". குழம்பு வந்து இருபது நிமிடம் கழித்து, அது ஆறி மேலே தேங்காய்ப்பால் ஏடு கட்டிய பிறகு சோறு வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு, சோற்று வாளியைக் கொண்டுவர இருபது நிமிடம் ஆனால் பெண் வீட்டார் மானம் என்ன ஆகும்?

இது பையன்களின் சோம்பேறித்தனம் என்று மகன் நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெனு கார்டைப் புரட்டிப் பார்த்தேன். சூப், ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், கடைசியில் டெசர்ட் என்று வெள்ளைக்காரன் விருந்து மாதிரி வரிசை பிரித்து அச்சடித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் வீட்டுச் சாப்பாடு அப்படிக் கிடையாது. நடுவில் சோறு, சுற்றிலும் சூப், குழம்பு, வதக்கல், சாலட் எல்லாம் ஒரே நேரத்தில் வைத்து எல்லாரும் பகிர்ந்து எடுத்துக்கொள்வார்கள். சூப்பும் சோற்றோடுதான். அவர்கள் மொழியில் சாப்பிடுவதற்கே "கின் காவ்" என்றுதான் பெயர். சோறு தின்பது என்று பொருள். தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களுக்குக் "கப் காவ்", அதாவது சோற்றோடு வருவது. "சோறு சாப்பிட்டாச்சா?" என்று குசலம் விசாரிக்கும் பழக்கம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்று. (மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவை, திருப்பாவையின் பெயர்கள் அவர்கள் அரண்மனைச் சடங்கு ஒன்றின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.) சோற்றை நம்பிச் செய்த உறைப்பும் உப்பும் புளிப்பும் சோறில்லாமல் வந்தால் நாக்குதான் எரியும். அன்று எரிந்தது. சமையற்காரர் சரியாகச் செய்த குழம்பை அச்சடித்த அட்டை கெடுத்துவிட்டது.

இன்னொன்று. தொம் யாமில் கிடக்கும் எலுமிச்சைப்புல், பேரரத்தைத் துண்டு, எலுமிச்சை இலை எல்லாம் வாசனைக்குப் போடுவது. மெல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கியதை வீணாக்காதவர். பேரரத்தையை முறுக்குப் போலக் கடித்துத் தீர்த்தார். கடைவாய்ப் பல் செயற்கைப் பல் என்பதைப் பழைய மாணவர்கள் அறியமாட்டீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இனி வருவது அப்படியில்லை.

தாய்லாந்துச் சமையலில் வேர்க்கடலை புழங்கும் என்று மருமகள் முன்பே படித்து வைத்திருந்தாள். அதனால் மஸ்ஸமன் குழம்பு, பத் தாய் நூடுல்ஸ் இரண்டையும் கேட்கவே இல்லை. பச்சைப் பப்பாளி சாலட் பெயருக்குப் பக்கத்தில் கார்டில் கடலை என்று எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் ஆர்டர் எடுத்த பையனிடம் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "நோ பீநட் மேம்" என்று உடனே தலையை ஆட்டினான். யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவள் நான். தெரிந்து சொல்லும் பதிலுக்கும் டீச்சர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதிலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். "எதுக்கும் உள்ளே கேட்டுட்டு வாப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். கேட்டானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சாலட் வந்தது. மேலே பொடித்த வேர்க்கடலை, தூவியிருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பேரன் முள்கரண்டியைக் கையில் எடுத்துவிட்டான். மருமகள் தட்டை வெடுக்கென்று இழுத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. பையன் ஓடி வந்து, "ஸாரி மேம், எடுத்துடறேன்" என்று கரண்டியால் கடலையை வழிக்கத் தொடங்கினான். அவனுக்கு ஒவ்வாமை என்றால் பிடிக்காது என்று அர்த்தம். வெங்காயத்தை ஒதுக்குவதுபோல ஒதுக்கினால் போதும் என்று நினைத்திருக்கிறான். சூப்பர்வைசர் வந்தார். "வேற பிளேட் கடலை இல்லாம போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். கொஞ்சம் விவரமானவர் போலத் தெரிந்தது.

அப்போதுதான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் வந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் ஊர், கேட்டரிங் படித்தவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "வேணாம்கா" என்றாள் மருமகளிடம் மெதுவாக. "அதே உரல்லதான் இடிப்பாங்க. புதுசா பண்ணாலும் ஒட்டிட்டு இருக்கும். தம்பிக்கு வேற ஏதாவது பார்க்கலாம்." அந்தச் சாலட்டை உரலில் போட்டு உலக்கையால் இடித்துத்தான் செய்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். சூப்பர்வைசருக்கு இது தோன்றவில்லை. மேஜை துடைக்கும் பெண்ணுக்குத் தோன்றியது.

மருமகள் அவளையே பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு வந்த காய்கறிப் பச்சைக் குழம்பைக் காட்டி, "இது சைவம்தானே?" என்று கேட்டாள். ஆர்டர் எடுக்கும்போது அந்தப் பையன் "வெஜ் மேம், வெஜ் மேம்" என்று இரண்டு முறை அடித்துச் சொல்லியிருந்தான். இவள் சொன்னது: "தெரியலைக்கா, கேட்டுட்டு வர்றேன்."

நாலு நிமிடம் ஆனது. திரும்பி வந்து சொன்னாள்: குழம்பில் கோழி இல்லை, ஆனால் அரைத்த விழுது பொது விழுது, அதில் இறால் சேர்த்திருக்கிறது. சைவ விழுது தனியாக அரைப்பார்களாம், அன்றைக்குத் தீர்ந்துவிட்டதாம். வதக்கல்களில் வழக்கமாக மீன் சாஸ் ஊற்றுவார்கள், சொன்னால் சோயா சாஸ் மட்டும் ஊற்றித் தனி வாணலியில் டோஃபு வதக்கித் தருவார்கள். சம்பந்தியம்மா அறுபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றி வரும் விரதம் அது. நல்லவேளையாக அந்தக் குழம்பில் அவர் இன்னும் கை வைக்கவில்லை. ஏன் தெரியுமா? சோறு வரவில்லை! சோறு தாமதமானதில் விளைந்த ஒரே நன்மை. பேரன் வெறும் சோறும், புது வாணலியில் போட்ட ஆம்லெட்டும் சாப்பிட்டான். கடைசியில் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டும் அரிசிச் சோறும் வந்தபோது, அதில் தூவிய பருப்பு என்ன என்று அவளே போய்க் கேட்டு வந்தாள். வறுத்த பாசிப்பருப்பு. அவன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. எங்கள் காரைக்குடி உறவினர்களுக்கு: உங்கள் கவுனி அரிசி இனிப்பை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட கடலை, பால், கோதுமை இருக்கிறதா என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு மனிதரின் வாய்தான் சொல்ல வேண்டும். அந்த வாய் ஊகித்துச் சொல்லலாமா?

என் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. சாப்பிட்டு முடித்து, கூட்டம் குறைந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் தன் ரயில்வே இந்தியில் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். அஸ்ஸாம்காரன். இருபது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். "அந்தப் பப்பாளி சாலட் நீ சாப்பிட்டிருக்கியா?" என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம். சூப்? இல்லை. பச்சைக் குழம்பு? சிரித்தான். பணியாளர்களுக்குப் பின்கட்டில் தனியாகப் பருப்பும் சோறும்தானாம். முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். நாற்காலி இழுப்பது, தண்ணீர் ஊற்றுவது, குளிர்பானம் வேண்டுமா என்று மறக்காமல் கேட்பது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்காமல் பயிற்சி வகுப்புக்குள் நுழைய முடியாது. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குக்கே அந்தக் கெடுபிடி. இங்கே ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில், புத்தகத்தையே கண்ணில் காட்டாமல் பையனை நிறுத்தியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, "இல்லை" "தெரியாது" என்ற வார்த்தைகளை விருந்தினரிடம் சொல்லாதே என்றும் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பணிவுதான் "நோ பீநட் மேம்" என்று வந்திருக்கிறது.

இதை ஃபோனில் நம் மாணவன் ஒருவனிடம் சொன்னேன். திருப்பூரில் மெஸ் நடத்துகிறான். அவன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். "டீச்சர், பையன் மூணு மாசம் இருப்பான், இன்னொரு கடைல ஆயிரம் ரூபா கூடக் கொடுத்தா போயிடுவான். அவனுக்கு மெனு முழுக்க ஊட்டி விட்டுச் சொல்லிக் கொடுத்தா நான் கடையை மூட வேண்டியதுதான்." வாடகை, கேஸ் விலை, ஆள் தட்டுப்பாடு என்று ஒரு பாட்டம் அழுதான். அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் வருஷம் திரும்பினால் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். போகப்போகிற பிள்ளைதானே என்று அரிச்சுவடியை நிறுத்திவைத்தோமா? மெனு முழுக்க வேண்டாம், பத்து முக்கியமான பதார்த்தம், ஆளுக்கு ஒரு கரண்டி. அடுக்களையில் ஒரு தாளை ஒட்டி, எதில் கடலை, எதில் மீன், எதில் இறால் என்று எழுதிவைக்க ஒரு மணி நேரம். எங்களைப் போல ஒரு மேஜை திரும்பி வராமல் போவதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது என்றேன். "உங்க கணக்குல எப்பவும் நான்தான் ஃபெயில்" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

பில் வந்தது. சாப்பாடு 5,200 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் 520. இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 6,006. இதை உறவினர்கள் கவனமாகப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜை உணவகம் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, அதைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. நீங்கள் கேட்டால் எடுத்துவிட வேண்டும், மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மகன் கேட்டான், முணுமுணுக்காமல் எடுத்துவிட்டார்கள். 5,460 ஆனது.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம். "நல்ல நாளும் அதுவுமா ஐந்நூறு ரூபாய்க்கு வாதம் பண்ணணுமா, அந்தப் பிள்ளைகளுக்குத்தானே போகும்" என்றார். போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த 520 ரூபாயில் ஓடி ஓடிக் கேட்டு வந்த பெண்ணுக்கு எவ்வளவு, உரலைப் பற்றி யோசிக்காத சூப்பர்வைசருக்கு எவ்வளவு? பிரித்துக் கொடுக்கும் கை என்னுடையதாக இருக்கட்டும் என்று முந்நூறு ரூபாயை அவள் கையிலும் நூறு ரூபாயைப் பையன் கையிலும் வைத்தேன். பையனுக்கு ஏன் என்று மருமகள் முறைத்தாள். அவள் கோபம் நியாயம். பெற்றவளுக்கு அன்று இருந்த நடுக்கம் எனக்கு இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

கடைசியாக, பெயர் சொல்லாததன் காரணம். மகன் காரில் ஏறியதுமே ஃபோனை எடுத்து ஒரு நட்சத்திரம் போட்டு எழுத ஆரம்பித்தான். நான்தான் தடுத்தேன். அந்த ஒரு நட்சத்திரம் முதலாளியிடம் போய்ச் சேரும்போது, "அன்னைக்கு டேபிள் ஏழுக்கு யாருடா?" என்ற கேள்வியாகத்தான் போய்ச் சேரும். அஸ்ஸாம் பையன் பெட்டியைக் கட்டுவான். அதே இடத்தில் இன்னொருவன் அதே மூன்று பாடத்தைப் படித்துக்கொண்டு நிற்பான். உரல் அப்படியே இருக்கும். "அப்போ இன்னொரு அலர்ஜி பிள்ளை போய்ச் சாப்பிட்டா?" என்று மருமகள் கேட்டாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு மாதம் பொறுப்போம், சரி செய்யவில்லை என்றால் நானே பெயரோடு எழுதுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம் ஆட்களில் வீட்டில் ஒவ்வாமைப் பிள்ளை இருப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் உட்பெட்டியில் கேளுங்கள், பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன், கையால், இரண்டு பக்கம். சோற்றையும் பதார்த்தங்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பணியாளர்களுக்கு அதே சாப்பாட்டில் ஒரு கரண்டி கொடுங்கள். கடலை, மீன், இறால் எதெதில் என்று சுவரில் ஒட்டுங்கள். கடலை இல்லாத சாலட்டுக்குத் தனி உரல் வாங்குங்கள். "தெரியவில்லை, கேட்டு வருகிறேன்" என்று சொல்லப் பையன்களுக்கு அனுமதி கொடுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பத்தி தனியாக எழுதி, அவளைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

நேற்று பதில் வந்தது. "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி, கூடவே அடுத்த முறைக்கு ஐந்நூறு ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். உரல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டு, உரல் வாங்கியாயிற்றா என்று மறுபடி கேட்டிருக்கிறேன்.